கண்ணால் படித்தவையும் காதால் படித்தவையும்

மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று நம் தமிழ்த்துறையின் மலர்க் குழுவினர் கேட்டபொழுது, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுமளவு ஓய்வும் உழைப்பும் நம்மிடத்தில் இல்லை என்று முன்கூட்டியே கூறிவிட்டோம். "அப்படியானால் அண்மையில் படித்த நூல்களைப் பற்றி எழுதுங்கள், படித்ததையெல்லாம் சொல்ல வேண்டும், பிடித்ததை மட்டும் சொன்னால் போதாது" என்றார் பேராசிரியர் ஒருவர். அந்த நிபந்தனை நமக்கு மிகவும் உவப்பாயிருந்தது. ஏனெனில் நாம் திட்டமிட்டுப் படிக்கும் வழக்கமுடையவர் அல்லோம். கைக்குக் கிட்டியதைப் படிப்போம்; பிடிக்கவில்லையெனில் பாதியில் மூடி வைப்போம். இத்துறையில் மூன்றாண்டுகள் தமிழ் இலக்கியம் பயின்று, பின்னர் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றின் பண்டகப் பிரிவில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்துவிட்ட ஒருவரிடம் இதற்குமேல் எதிர்பார்க்கவும் இயலாது.

நம் வாசிப்பில் பெரும்பகுதி சாலையிலேயே நிகழ்கின்றது. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். குருபரப்பள்ளி, மேலுமலை, சூளகிரி எனக் கடந்து செல்லும் நிறுவனப் பேருந்தில் போகவர இரண்டு மணி நேரத்திற்கும் மேல் கழிகின்றது. இருள் பிரியுமுன் புறப்படும் முதல் ஷிப்டுப் பேருந்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். உறங்குவோருக்கு இடையூறாகக் கூடாதல்லவா? அச்சுப் புத்தகத்திற்கு அங்கே வேலையில்லை. ஆகவே செல்பேசியில் ஒலிநூல்களைக் கேட்கத் தொடங்கினோம். கேட்பதும் படிப்பதாகுமா என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்டே நம் முன்னோரில் பெரும்பாலோர் நூல்களை அறிந்தனர். சீறாப்புராணத்தை ஒருவர் ஓத, ஊரே அமர்ந்து கேட்டது. பாரதக் கூத்து நடக்கும் நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் எழுத்தறியாத முதியவர்கூடப் பதினெட்டு நாள் கதையையும் முறை பிறழாமல் சொல்வார். அவர்களை நூலறியாதவர் என்று எவரும் கூறத் துணியார்.

முதலில் கேட்டது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த ஐந்து பாகக் கதை. பல்வேறு குரல்களைக் கொண்டு பாம்பே கண்ணன் அவர்கள் ஒலிநூலாக்கியதைக் கேட்டோம். கல்லூரி நாளில் இதே நூலை அச்சில் படித்தபொழுது இரண்டாம் பாகத்தோடு நின்றுவிட்டோம். காதால் கேட்டபொழுதோ ஐந்தையும் முடித்தோம். காரணம் வியப்பிற்குரியதன்று. அடுத்த வாரம் வரை வாசகரைக் கட்டிவைக்கும் பொருட்டு ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் ஒரு முடிச்சைப் போட்டுச் செல்கின்றார் கல்கி. புத்தகமாகச் சேர்த்துப் படிக்கையில் அம்முடிச்சுகள் சலிப்பூட்டுகின்றன. நாளுக்கு இரண்டு அத்தியாயம் எனப் பேருந்தில் கேட்கையில் அவை தம் பழைய வேலையைச் செம்மையாகச் செய்கின்றன. சூளகிரியில் நின்ற முடிச்சு மறுநாள் சூளகிரியில் அவிழும். 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு, கதை விளங்கவில்லை என்று கூறிய உடன்பணியாளர் இருவருக்கு இவ்வொலிநூலைப் பரிந்துரைத்தோம். ஒருவர் நன்றி கூறினார். மற்றவர் ஆழ்வார்க்கடியான் பேசத் தொடங்கினால் உறக்கம் வந்துவிடுகின்றது என்றார். அவரைக் குறை கூறவும் மனம் வரவில்லை.

ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்த இராஜாஜியை இவ்வட்டாரத்தார் படிக்காமலிருப்பது முறையன்று எனக் கருதி 'வியாசர் விருந்து' நூலையும், 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலையும் எடுத்தோம். சமய நூல்கள் என்னும் எண்ணத்தோடு அவற்றை நம் மாணவர்கள் ஒதுக்கிவிடலாகாது. தமிழ் உரைநடையில் சிறு வாக்கியம் எவ்வளவு பொருளைச் சுமக்கக்கூடும் என்பதற்கு அவை சான்று. ஓர் அடைமொழி மிகையாகக் காணக் கிடைக்காது. வழக்கறிஞராயிருந்தவர் என்பதனாலோ என்னவோ, துரியோதனனுக்கும் அவன் பக்கத்து நியாயத்தைப் பேசுவதற்கு இடம் தருகின்றார். நமக்குப் பிடிக்காதது ஒன்றுண்டு: ஒவ்வோர் அத்தியாயத்திலும் வாசகரின் தோளைத் தட்டி அறம் புகட்ட முனைவது. கதையே சொல்லிவிட்டதை ஆசிரியர் மறுபடியும் எதற்குச் சொல்ல வேண்டும்?

இவற்றிற்கு நேர்மாறாகக் காதால் கேட்கவே முடியாத நூலொன்றையும் குறிப்பிட வேண்டும். ஓசூர் வாசகர்கள் தம்மவர் என உரிமை கொண்டாடும் பா. வெங்கடேசன் 2008இல் வெளியிட்ட 'தாண்டவராயன் கதை' அது. மனைவியின் கண்ணோய்க்கு மருந்து தேடி அலையும் ட்ரிஸ்ட்ராம் என்னும் ஆங்கிலேயனின் கதை. பதினெட்டாம் நூற்றாண்டில், மைசூர்ப் போர்களின் காலத்தில் நிகழ்வது. கிருஷ்ணகிரியில் பிறந்த எவரும் அக்காலத்தை அந்நியமாகக் கருத இயலாது. நம் வீட்டு மாடியில் நின்றால் தென்படும் சையத் பாஷா மலைக் கோட்டைக்காகவே ஐதர் அலியும் ஆங்கிலேயரும் பொருதனர். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் முழுவதும் திப்புவின் கையிலிருந்து கும்பினியார் வசமாயிற்று. ஆயினும் இந்நாவலை ஒரு வரலாற்றுக் கதையாக எண்ணித் திறப்பவர் இடறிவிழுவார். ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். எழுவாய் எங்கோ, பயனிலை எங்கோ. விரலை வைத்துத் திரும்பிப் போய்ப் படித்தாலன்றிப் பொருள் பிடிபடாது. பேருந்தில் கேட்பதற்கு இது ஆகாது; ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வேண்டும். நமக்கு முடிக்க ஏழு மாதங்கள் பிடித்தன. முடித்த பின்பு, இதைச் சுருக்கி எழுதியிருக்கலாமே என்னும் எண்ணம் தோன்றவேயில்லை. இக்காலத்தில் அத்தகைய உணர்வைத் தரும் பெருநூல்கள் மிகக் குறைவு.

ஒலிநூல்களைப் பற்றி நமக்கொரு குறையுண்டு. இப்பொழுதெல்லாம் மனிதக் குரலுக்கு மாற்றாக எந்திரக் குரலால் படிக்கப்பட்ட கதைகள் செல்பேசியில் மலிந்துவிட்டன. ஆசிரியரின் இசைவு பெற்றனவா என்பதும் ஐயமே. தமிழெழுத்தின் 'க'வும் 'ப'வும் இடத்திற்கேற்ப ஒலி மாறுபவை. தமிழறிந்தவர் நா தானே மாற்றிக்கொள்ளும். எந்திரமோ 'பாத்திமா' என்னும் பெயரைப் 'பாத்திரம்' போன்றே வல்லெழுத்தால் அழுத்துகின்றது. 'காதர்' என்பவர் 'காதல்' என்பதன் உறவினர்போல் ஒலிக்கின்றார். இஸ்லாமிய வாழ்வைக் கூறும் கதைகளை அக்குரலில் கேட்பது பெருந்துன்பம். மனிதர் படித்தாலும் நம் வழக்கை அறியாதவராயின் 'மோதினார்' என்னும் சொல்லைக் கேட்டுச் சண்டை நிகழ்ந்ததென மயங்க நேரும்.

தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை அதனாலேயே அச்சில் படித்தோம். 1988இல் நூலாக வந்தது. அதற்கு முன் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வெளிவந்தது. தேங்காய்ப்பட்டணத்து மக்களின் பேச்சு, மலையாளம் கலந்த தமிழ். மலையாள வழிக் கல்வி பயின்ற மீரான், தம் கதையை முதலில் மலையாள எழுத்திலேயே எழுதினார் என்பர். நமக்கு இச்செய்தி மிகவும் ஆறுதலளித்தது. காரணத்தைக் கூறிவிடுகின்றோம்: நம் வீட்டு மொழி தக்னி உருது. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளில் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றைப்போலவே நாமும் வீட்டில் 'நக்கோ' என்போம். பள்ளியில் 'வேண்டாம்' என்போம். தெருவில் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். தமிழ் இலக்கியம் படிக்கப்போவதாகக் கூறியபொழுது, "வீட்டில் பேசாத மொழியில் உனக்கென்ன பட்டம்?" என்று உறவினர் நகைத்தனர். பிற மொழியின் எழுத்தால் தமிழ்க் கதை எழுதியவர் 1997இல் 'சாய்வு நாற்காலி'க்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றாரெனில், பிற மொழி பேசும் வீட்டிலிருந்து வந்த நாம் தமிழைப் படித்து மகிழ்வதற்கு யாரிடம் இசைவு கேட்க வேண்டும்?

ஆங்கிலப் பள்ளி ஊருக்குள் வருவதை எதிர்க்கும் செல்வந்தரையும், பக்தியின் பெயரால் ஏய்ப்பவரையும் அந்நாவலில் மீரான் ஒளிவுமறைவின்றிக் காட்டினார். அதனால் அக்காலத்தில் அவர்மீது மனத்தாங்கல் கொண்டோர் பலர். இன்று அவர் நூல்கள் பல்கலைக்கழகங்களில் பாடமாக உள்ளன. 2019இல் அவர் மறைந்தபொழுது, நம் சமுதாயம் ஈன்ற பெரும் எழுத்தாளர் என்றே அனைவரும் எழுதினர். நல்லது. இதை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம், அடுத்து நாம் கூறப்போகும் நூல்.

2025ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனில் அனைத்துலகப் புக்கர் பரிசு அறிவிக்கப்பட்டது. அசன் நகரைச் சேர்ந்த வழக்கறிஞரும் கன்னட எழுத்தாளருமான பானு முஷ்தாக் அவர்களின் பன்னிரண்டு சிறுகதைகளைக் கொண்ட 'ஹார்ட் லேம்ப்' என்னும் நூல் அதனைப் பெற்றது. 1990 தொடங்கி 2023 வரை அவர் எழுதியவற்றினின்றும் தேர்ந்தெடுத்து ஆங்கிலப்படுத்தியவர் தீபா பாஸ்தி. சிறுகதைத் தொகுப்பொன்று இப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. கன்னடத்திற்கும் அதுவே முதன்முறை. நம் எல்லைக்கு அப்பால், சில மணி நேரப் பயணத் தொலைவில் வாழும் ஒருவர். நம்மைப்போன்றே உருது பேசும் வீட்டில் பிறந்து, பள்ளி மொழியாகிய கன்னடத்தைத் தம் எழுத்து மொழியாக வரித்தவர். செய்தியைப் படித்த அன்றே நூலை வாங்கத் தீர்மானித்துவிட்டோம். அடுத்த மாதமே பெங்களூரில் கிட்டியது.

ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கியபொழுது ஒரு விந்தையைக் கண்டோம். உருதுச் சொற்களும் அரபுச் சொற்களும் கன்னடச் சொற்களும் சாய்வெழுத்தின்றி, அடிக்குறிப்பின்றி, உரிமையோடு ஆங்கிலத்தினுள் உலவுகின்றன. வெளிநாட்டு வாசகர் அவற்றின் முன் சற்றுத் திகைத்திருப்பார். நாம் திகைக்கவில்லை, நமக்கு ஆங்கிலம்தான் இடையில் வந்த திரையாகத் தோன்றிற்று. எனவே ஒன்று செய்தோம். இரவு உணவிற்குப் பின் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, நம் அன்னையாருக்குத் தக்னியில் கதையைச் சொன்னோம். அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. குர்ஆனைத் தவிர வேறு நூலை அவர் கையிலெடுத்து நாம் கண்டதில்லை. தக்னி பேசும் பெண்களின் வாழ்வு கன்னடத்தில் எழுதப்பெற்று, ஆங்கிலமாகி, கிருஷ்ணகிரியின் ஒரு சந்தில் மீண்டும் தக்னியாயிற்று. ஒலிநூல் என்றால் இதுவும் ஒலிநூலே. படிப்பவருக்கு இடையிடையே தேநீர் கிடைக்கும் என்பது மட்டுமே வேறுபாடு.

முதலில் நகைச்சுவைக் கதைகளைத் தேர்ந்தோம். கோடை விடுமுறையில் வீடு நிறையக் கூடிவிட்ட பிள்ளைகளின் கூச்சலைத் தாளாத ரஸியா என்னும் பெண்மணி, அவர்களில் ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் ஒருசேரச் சுன்னத்துச் செய்து கட்டிலில் படுக்க வைத்துவிடுவது என்று தீர்மானிக்கும் கதை ஒன்று. மருத்துவர் செய்த செல்வர் வீட்டுப் பிள்ளையின் புண் ஆறாமலிருக்க, சாம்பல் தூவப்பட்ட ஏழைப் பிள்ளை துள்ளி ஓடுவான். அன்னையார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அரபு ஆசிரியர் ஒருவர் கோபி மஞ்சூரியன்மீது கொண்ட தீராக் காதலைக் கூறும் கதையும் உண்டு. ஓசூரில் மாலை வேளையில் தள்ளுவண்டிதோறும் சிவந்து கிடக்கும் அப்பண்டத்திற்குச் செயற்கைச் சாயம் சேர்க்கக்கூடாதென்று 2024இல் கர்நாடக அரசு தடை விதித்ததை அறிவோம். அது ஓர் இலக்கியப் பாத்திரமாகும் என்று எண்ணியதில்லை. ஆனால் அக்கதை நமக்கு முழுநிறைவைத் தரவில்லை. சிரிப்பில் தொடங்கி ஒரு பெண்ணின் துயரத்தில் முடிய வேண்டிய கதை, சிரிப்பையே விடாமல் பற்றிக்கொண்டு நிற்கின்றது.

பின்னர் 'கபன்' கதைக்கு வந்தோம். ஹஜ்ஜுக்குப் புறப்படும் வசதி மிக்க ஷாஸியாவிடம், வீட்டுவேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து, ஜம்ஜம் நீரில் நனைத்த கபன் துணி ஒன்றை வாங்கி வருமாறு வேண்டுகின்றார் யாசீன் புவா என்னும் ஏழை மூதாட்டி. ஷாஸியா எத்தனையோ பொருள்களை வாங்குகின்றார். கபன் மட்டும் வரவில்லை. பின்னொரு நாள் விடியலில் மூதாட்டி இறந்துவிட்டதாகச் சொல்லி, அவர் மகன் வாயிலில் வந்து நிற்கின்றான், அத்துணியைக் கேட்டு. இவ்வளவே கதை. இதில் கொடியவர் எவருமில்லை. ஷாஸியா மறதியும் செல்வச் செருக்கும் உடையவர், அவ்வளவே. ஆனால் இக்கதையைக் கேட்டு முடித்த அன்னையார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை எழுதிய அம்மா நம் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கின்றார்" என்றார். தமக்கு வந்த ஜம்ஜம் போத்தல்களையும், தாம் பிறருக்காகக் கேட்டனுப்பிக் கிட்டாமற்போனவற்றையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். நாம் பிறந்தது முதல் அவரோடு வாழ்கின்றோம். அக்கணக்கு அவர் மனத்தில் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

'கரி நாகரகளு' என்று கன்னடத்தில் பெயர் பெற்ற கருநாகங்கள் கதையை நாம் தள்ளிப்போட்டே வந்தோம். கிரீஷ் காசரவள்ளி 2004இல் 'ஹசீனா' என்னும் பெயரில் திரைப்படமாக்கிய கதை அதுவே. பெண்பிள்ளைகளையே பெற்றாள் என்பதற்காகக் கணவனால் கைவிடப்பட்ட ஒருத்தி, ஜீவனாம்சம் கேட்டு முத்தவல்லியிடம் நடையாய் நடக்கின்றாள். அவர் இன்று, நாளை என்று தட்டிக் கழிக்கின்றார். நோயுற்ற குழந்தையுடன் பள்ளிவாசல் முற்றத்திலேயே அமர்ந்துவிடுகின்றாள். குழந்தை இறந்துபோகின்றது. அதன்பின் அத்தெருப் பெண்கள் முத்தவல்லியைச் சபிக்கும் பகுதியை எழுத்தில் படித்துவிட முடிந்தது. வாய்விட்டுச் சொல்லும்பொழுது நம் குரல் இருமுறை நின்றது.

அன்றிரவு அன்னையார் தம் தங்கையைப் பற்றிப் பேசினார். நாம் காலா என்றழைக்கும் அவர், மணமான மூன்றாம் ஆண்டிலேயே கைக்குழந்தையோடு பிறந்தகம் திரும்பியவர் என்பதை அறிவோம். ஏன் என்பதை அதுவரை எவரும் நமக்குக் கூறவில்லை. வேறோர் ஊரின் ஜமாஅத்திடம் நம் பாட்டனார் இரண்டாண்டுகள் முறையிட்டாராம். பேருந்து ஏறிப் போவார், "அடுத்த ஜும்ஆவுக்குப் பின் பார்ப்போம்" என்பார்கள், திரும்பி வருவார். நூறு ஜும்ஆக்கள் கழிந்தன. இறுதியில் கிடைத்தவை, சீராகக் கொடுத்த பாத்திரங்களுள் பாதியும் ஒரு தையல் எந்திரமும். அந்தத் தையல் எந்திரத்தால் காலா தம் மகளை ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்தார். "இதையெல்லாம் ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "நீ கேட்கவில்லை, கதைக்காரம்மா கேட்டார்" என்றார் அன்னையார்.

நம் சமுதாயப் பெரியோர் இம்மலரைப் படிப்பார்கள் என்பதை அறிந்தே இதை எழுதுகின்றோம். பரிசு அறிவிக்கப்பட்ட காலத்தில், வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டியதற்கா பரிசு என்று வினவியோர் உண்டு. பள்ளிவாசலில் பெண்கள் தொழுவதற்கு உரிமை வேண்டுமென்று பேசியமைக்காக 2000ஆம் ஆண்டிலேயே சமூக விலக்கை எதிர்கொண்டவர் பானு முஷ்தாக். அவர் மீதான அவ்வருத்தம் சிலர் மனத்தில் இன்னும் ஆறவில்லை போலும். அவர் எழுத்தில் நாமும் குறை காண்கின்றோம். கதை ஓடிக்கொண்டிருக்கையில் வழக்கறிஞர் எழுந்து வாதாடத் தொடங்கிவிடுகின்றார். ஆண்களில் பெரும்பாலோர் கல் நெஞ்சராகவே வருகின்றனர். நம் பாட்டனாரைப் போல மகளுக்காக இரண்டாண்டுகள் பேருந்து ஏறிய ஒருவரை அந்நூலில் தேடித் தேடிப் பார்த்தோம், தென்படவில்லை. ஆயினும் அக்கதையில் அநீதி இழைக்கப்பட்டவள் கேட்பது மார்க்கம் அவளுக்கு அளித்த உரிமையைத்தான். அவள் வெளியே எதையும் இரக்கவில்லை. அவள் அமர்ந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில்தான். இதைக் குப்பை என்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வகை எழுத்து நேற்றுத் தோன்றியதுமன்று. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் தம் 'காதலா கடமையா' நாவலை 1938இலேயே வெளியிட்டார், அதற்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை அளித்தார் என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருப்பர். கன்னடத்தில் சாரா அபூபக்கரின் நாவல் 'சந்திரகிரி ஆற்றங்கரையில்' எனத் தமிழிலும் கிடைக்கின்றது. கேரள எல்லையிலுள்ள காசர்கோட்டில் பிறந்து, நம்மைப்போன்றே இரு மொழிகளுக்கிடையில் வளர்ந்தவர் அவர், 2023இல் மறைந்தார். அதில் தந்தையின் பிடிவாதத்தால் மணவிலக்குப் பெறும் நாதிரா, விரும்பிய கணவனோடு மீண்டும் சேர்வதற்கு மூன்றாமவன் ஒருவனை மணக்க வேண்டும் என்னும் நிலைக்குத் தள்ளப்படுகின்றாள். முடிவை எழுத விரும்பவில்லை. சிறிய நூல், மூன்று பேருந்துப் பயணங்களில் முடித்துவிடலாம். ஆனால் முதல் ஷிப்டுக்குப் போகும்பொழுது இறுதி அத்தியாயத்தைத் திறக்க வேண்டாமென்று மட்டும் கூறுவோம். அன்று முழுவதும் கணக்கு ஓடாது.

துறை நூலகத்தில் இந்நூல்களெல்லாம் இருக்கின்றனவா என்று மலர்க் குழு மாணவர் ஒருவரிடம் கேட்டோம். மீரானின் நூல்கள் உள்ளன. ஜுனைதாவும் சாராவும் பானுவும் இல்லை என்றார். சாராவின் தமிழாக்கத்தில் ஒரு படியை வாங்கி அவரிடமே ஒப்படைத்துவிட்டோம். ஏனையவற்றைப் பெரியோர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். விலை ஒன்றும் பெரிதன்று; ஒரு திருமண அழைப்பிதழை அச்சிடும் செலவில் ஓர் அலமாரியே நிரம்பும்.

இவ்வளவு கனத்த நூல்களையே அடுத்தடுத்துப் படித்தால் மனம் சோர்ந்துவிடும் என்பதனால், இடையே வைக்கம் முகம்மது பஷீரைப் படிப்பது நம் வழக்கம். மலையாளத்தினின்றும் அவரைத் தமிழுக்குக் கொணர்ந்தவர்களுள் குளச்சல் மு. யூசுப் குறிப்பிடத்தக்கவர், 'திருடன் மணியன்பிள்ளை' என்னும் வேறொரு மொழிபெயர்ப்புக்காக 2018இல் சாகித்திய அகாதெமியின் பரிசு பெற்றவர். பஷீரின் கதையில் தங்கை பாத்தும்மாவின் ஆடு, ஆசிரியர் எழுதிய நூல்களையே தின்றுவிடுகின்றது. திறனாய்வாளர் எவரும் அவ்வளவு முழுமையாக ஒரு நூலை உட்கொண்டதில்லை என்பது நம் துணிபு.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை காலா வீட்டிற்கு வந்திருந்தார். அக்கா கேட்ட கதையைத் தாமும் கேட்க வேண்டும் என்றார். எந்தக் கதை என்று நாம் வினவவில்லை. சொல்லி முடிக்கும் வரை அவர் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும், "இதற்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். ஐம்பதினாயிரம் பவுண்டு என்றும், எழுதியவருக்குப் பாதி, மொழிபெயர்த்தவருக்குப் பாதி என்றும் கூறினோம். "சரியான பங்குதான்" என்று தலையசைத்தார். "வாங்கியவர்கள் இருவரும் பெண்களா?" ஆம் என்றோம். சற்றுப் பொறுத்து, "எனக்கு மொழிபெயர்த்துச் சொன்ன உனக்கு என்ன பங்கு?" என்று சிரித்தபடி, தட்டிலிருந்த சமோசாவைப் பிட்டுப் பாதியை நம்மிடம் நீட்டினார். வாரந்தோறும் வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பாத்தும்மாவின் ஆட்டை எடுத்து வைத்திருக்கின்றோம்.